நான்காம் கட்டடத்துக் காலணிகள்

1997 அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் உள்ள நான்காம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முகிலன் வீட்டு வாசலில் எழுபத்தொரு ஜோடி இராணுவக் காலணிகள் இருந்தன. குதிகால்கள் சுவரைத் தொட்டிருந்தன. நாடாக்கள் மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தன. வரிசை சிறிதும் கோணவில்லை. அன்று குளிர் முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்.

முகிலனின் மனைவி சண்முகப்ரியா அவற்றைக் கண்டு அஞ்சவில்லை. வாசலில் செருப்பு கிடந்தால் வீட்டுக்குள் விருந்தினர் இருக்கிறார்கள் என்பதே அவள் வளர்ந்த முறை. ஆகவே அவள் நேராக அடுக்களைக்குப் போய் அரிசியை அளந்தாள். "மாமா, உங்க மிலிட்டரி ஃப்ரெண்ட்ஸா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? குக்கர்ல எட்டு கப்புக்கு மேல பிடிக்காது" என்று மாமனாரிடம் குறைப்பட்டுக்கொண்டாள். மூன்று நாளைக்கு முன் பெருந்துறையிலிருந்து வந்து சேர்ந்திருந்த சுபேதார் வெங்கடாசலம் வாசலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெய்யி கண்ணு. திங்கறாங்களோ இல்லையோ, வெச்சிரு" என்றார். சோறு வெந்தது, யாரும் உண்ணவில்லை. ஆனால் கூடத்துக் கம்பளத்தில் எழுபத்தோரிடங்களில், ஓர் ஆள் சம்மணமிட்டு அமர்ந்தால் விழும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அங்கிருந்து வந்த பெருமூச்சில் சன்னல் கண்ணாடி நண்பகல்வரை மங்கலாகவே இருந்தது.

காலணிகள் காலவரிசையில் நின்றன. முதலில் 1948-இல் காஷ்மீர் மலையேறிய ஒன்பது ஜோடி; வெங்கடாசலம் படையில் சேர்வதற்கு முன்பே தேய்ந்து போனவை. அடுத்து 1961-இல் கோவாவுக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பிய மூன்று. அவற்றில் மெருகு கூடக் குலையவில்லை. 1962-இல் சீன எல்லைப் பனியில் நின்றவை பதினான்கு. அவை கான்வாஸ் காலணிகள், எந்நேரமும் ஈரமாயிருந்தன. 1965-இன் பன்னிரண்டில் மணல் இருந்தது. 1971-இன் பதினேழில் கிழக்கு வங்கத்துச் சேறு இருந்தது. கடைசியாக 1987-இல் இலங்கைக்குப் போன பதினாறு ஜோடி. வெங்கடாசலம் நாள்தோறும் பழைய துணியால் ஐம்பத்தைந்து ஜோடியைத் துடைத்தார். கடைசிப் பதினாறைத் தொடவில்லை. அவ்வளவு பெரிய நாடு, சுற்றியிருந்த அத்தனை அண்டை வீட்டாரோடும் ஒரு முறையாவது மோதிவிட்டு, கடைசியில் ஓர் இரண்டு படுக்கையறை வீட்டில் கால்நீட்ட இடம் கேட்டு வந்திருந்தது.

முகிலன் அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தருமப் பெட்டியில் இருமுறை போட்டான். இருமுறையும் மறுநாள் காலை அவை திரும்பிவிட்டன. பதினைந்தாம் தேதி வாடகை அலுவலகம் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டியது: நடைவழியில் பொருள் வைப்பது தீயணைப்பு விதிக்குப் புறம்பு, ஒரு வாசலுக்குப் பதினெட்டு ஜோடி கொள்ளும் ஓர் அலமாரி மட்டுமே வைக்கலாம், பதினைந்து நாளில் ஒழுங்கு செய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலணிகள் யார் பின்னால் வந்தன என்பதில் ஐயமில்லை. "அப்பா, கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்பப் போயி வீடு இல்லாம நின்னா நான் என்னப்பா பண்றது? நீங்க ஊருக்குப் போயிருங்க. வெள்ளிக்கிழமைக்கு, முப்பத்தொண்ணாம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன்" என்றான் முகிலன். மனைவியைப் புதைத்துவிட்டு, வீட்டை விற்றுவிட்டு வந்திருந்த வெங்கடாசலம், "போறேன் சாமி. ஊர்ல எங்க போயி உக்காரட்டும், அத மட்டும் சொல்லு" என்றார்.

சண்முகப்ரியாதான் வழி கண்டாள். கட்டடத்தில் மற்ற வாசல்களும் இருக்கின்றனவே. ஆளுக்கொரு போரை எடுத்துக்கொண்டால் என்ன? அவள் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள். எதிர்வீட்டு லாகூர்க் குடும்பம், தங்கள் தாத்தாவும் அந்த மணலைத்தான் மிதித்தார் என்று சொல்லி 1965-ஐ வாங்கிக்கொண்டது. டாக்காவிலிருந்து வந்த மருத்துவர் 1971-ஐ வாங்கிக்கொண்டு இனிப்பும் கொடுத்தனுப்பினார். முதல் மாடியில் இருந்த சீன ஆராய்ச்சி மாணவர் 1962-ஐ ஹீட்டருக்கு அருகில் வைத்தார். ஆயினும் அவை உலரவில்லை. 1948, 1961 இரண்டும் சேர்ந்த பழைய பன்னிரண்டும் முகிலன் அலமாரியிலேயே அடங்கின. 1987-ஐ மட்டும் எவரும் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி, இரண்டாம் மாடியிலிருந்து, துவைத்த துணிக்கூடையோடு கிருபாராணி இறங்கி வந்தாள். மருந்து ஆய்வகத்தில் வேலை செய்பவள், யாழ்ப்பாணத்தவள், ஆறு ஆண்டுகளாகத் தனியாக இருப்பவள். காலணிகளின்முன் நின்றாள்.

"இது எந்தச் சண்டையின்ர, ஐயா?"

"எம்பத்தேழுங்க அம்மிணி."

"எங்கட ஊருக்கு வந்தவையோ?"

"ஆமாங்க."

"நீங்களும் வந்தனீங்களோ?"

வெங்கடாசலம் இலங்கைக்குப் போனது முகிலனுக்கே தெரியாது. எங்கோ டியூட்டி என்றுதான் அப்போது கடிதம் எழுதியிருந்தார். இல்லை என்று சொன்னால் அவள் வாங்கிக்கொள்ளக்கூடும். பயணச்சீட்டை ரத்துச் செய்துவிடலாம். சண்முகப்ரியா கதவிடுக்கில் நின்று கண்ணால் கெஞ்சினாள்.

"வந்தனுங்க. இதுல ஏழாவது ஜோடி என்னுது."

"வீடுகளுக்குள்ளயும்?"

"பூந்தனுங்க. எத்தன வீடுன்னு எண்ணல."

"சப்பாத்தோடயோ?"

"கழட்டோணும்னு தோணலீங்க."

கிருபாராணி கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அண்டைக்குத்தான் அம்மா நிலம் கழுவினவ. காயேல்ல. அதுக்குப் பிறகு அப்பா அந்த ஹோலில இருந்து சாப்பிடேல்ல, சாகுமட்டும்" என்றாள். அவளுடைய குரல் உயரவில்லை. மாடியேறிப் போய்விட்டாள். "ஏன் மாமா? ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" என்று சண்முகப்ரியா அழுதாள். "அவுங்க கேட்டாங்களே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்கடாசலம் தம் பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

வியாழன் காலை கீழ்த்தளத்தில் 1987 இல்லை. கிருபாராணி அதைத் துணிக்கூடையில் நான்கு நடையாகச் சுமந்து கொண்டுபோய்த் தன் வாசலில் அடுக்கியிருந்தாள். நன்றி சொல்ல ஓடிவந்த முகிலனை அவள் படியிலேயே நிறுத்தினாள். "நன்றி ஒண்டும் வேண்டாம் தம்பி. இது மன்னிப்பில்ல. கழட்டிப்போட்டு வெளியில நிக்கினம். அத நான் ஒவ்வொரு நாளும் பாக்கோணும், அவ்வளவுதான்" என்றாள். பயணச்சீட்டு ரத்தாயிற்று.

மற்ற வீடுகளில் படையினர் உள்ளே போய் அமர்ந்தார்கள். இரண்டாம் மாடியில் மட்டும் போகவில்லை. காலை ஏழு மணிக்கு அந்தக் கதவு ஒருமுறை மெதுவாகத் தட்டப்படும். கிருபாராணி திறந்து, காலணிகளை எண்ணிப் பார்த்து, "இண்டைக்கு இல்லை" என்று சொல்லி மூடுவாள். வெங்கடாசலமும் நாள்தோறும் மாடியேறி, பதினாறு ஜோடியையும் துடைத்துவிட்டு, ஏழாவது ஜோடியின் அருகில் வெறுங்காலோடு நின்று, அந்த இரண்டு சொற்களைக் கேட்டுவிட்டுக் காப்பிக்கு இறங்குவார். நான்கு குளிர்காலம் இப்படிப் போயிற்று. அவர் மூட்டு வீங்கியது, மருத்துவர் படியேற வேண்டாம் என்றார், அவர் ஏறினார். 1999 மே மாதம் கார்கிலிலிருந்து பனிக் காலணிகள் ஆறு ஜோடி வந்தன. முகிலன் அலமாரியில் சரியாக ஆறு இடம் இருந்தது. 2001 அக்டோபரில் எதிர்க் கட்டடத்தில், கொடி கட்டிய வாசல்களிலும் காலணிகள் தென்படத் தொடங்கின. அவை மணல் நிறம், இந்த நாட்டினுடையவை. வாடகை அலுவலகம் விவரம் கேட்காமல் அவற்றுக்கும் அலமாரி கொடுத்தது.

அந்த நவம்பரில் ஒரு காலை கிருபாராணி கதவைத் திறந்தாள், எண்ணினாள். பிறகு உள்ளே போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து, வாசற்படிக்கு வெளியே விரித்து வைத்தாள்.

"எத்தின நாளைக்கெண்டு நிக்கிறது? கால் வீங்கிக் கிடக்கு. இதில இருங்கோ, ஐயா. உள்ளுக்கு இல்லை."

"சரிங்க அம்மிணி."

வெங்கடாசலம் அமர்ந்தார். கதவு மூடிக்கொண்டது. பத்து நிமிடம் கழித்து எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பின் நாற்காலி கிறீச்சிட்டு அடுத்தவருடைய கனத்தை வாங்கிக்கொண்டது. அன்று காலை பத்து மணி நெருங்கும்வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பதினைந்து பேரும் முறைவைத்து அமர்ந்து எழுந்தார்கள். கடிதம் கொண்டுவந்த அஞ்சல்காரர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்.