கன்னடத்தில் சொன்ன பதில்

கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து லேத் ஓட்டுகிற வெள்ளைச்சாமிக்கு ஐம்பத்தாறு வயதில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவி பூங்கொடி அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் படம் போட்டுக் காட்டிக் கன்னடத்தில் பேசினார். "சுரப்பியை ஒட்டி ரெண்டு பக்கமும் நரம்பு போகுது. கட்டி அதைத் தொடலைன்னா விட்டுவைக்கப் பார்க்கறேன். தாம்பத்தியம் திரும்ப வர அது வேணும். உறுதி சொல்ல முடியாது. என்ன சொல்றீங்க?"

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்குப் புரியாது என்ற தைரியத்தில் கன்னடத்திலேயே சொன்னார்: "வயசாயிடுச்சு டாக்டர். இவளுக்கும் அதுல நாட்டமில்லை. எல்லாத்தையும் எடுத்துடுங்க."

பூங்கொடி மூன்று வருடமாக ரோஜாப் பண்ணையில் ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடப் பெண்களோடு உட்கார்ந்து பூத் தரம் பிரிக்கிறவள். வீட்டில் கன்னடம் பேச வேண்டி வந்ததில்லை, அவ்வளவுதான். அவளும் கன்னடத்திலேயே சொன்னாள்: "நோய் முழுசாப் போகணும், அதுதான் முதல்ல. அப்புறம் விட்டுவைக்க முடிஞ்சதை விட்டுவைங்க. எனக்கு நாட்டமில்லைன்னு இவர்கிட்ட யாரு சொன்னாங்களோ, தெரியல."

டாக்டர் சிரிப்பை மறைக்க ஃபைலைப் புரட்டினார்.

ஆபரேஷனில் நோய் போயிற்று. நரம்பும் தப்பியது. ஆனால் உடம்பு உடனே கேட்கவில்லை. எழுதிக்கொடுத்த மாத்திரையை மெடிக்கலில் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கூட வேலை செய்யும் சிவராஜின் தம்பி கடை அது. பூங்கொடிதான் சீட்டை நீட்டி வாங்கிவந்தாள். ஐந்து மாதம் ஒன்றுமில்லை. அவர் பாயைக் கொண்டுபோய் ஹாலில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வந்து படுங்க," என்றாள். "ஒண்ணும் நடக்கலைன்னா பேசிட்டுப் படுத்திருப்போம். லேத்துகிட்டப் பேசறதுல பாதி எங்கிட்டப் பேசுங்க, போதும்."

பேசினார்கள். ஆபரேஷனைவிட இதுக்குத்தான் அதிகம் பயந்தேன் என்று அவர் ஒருநாள் சொன்னார். தெரியும் என்றாள்.

ஒன்பதாவது மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போய்விட்டது என்று அவர் கைவிட்டிருந்தது திரும்பி வந்தது. பழையபடி இல்லை, ஆனால் இருவருக்கும் போதுமாக இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பூங்கொடி முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

அடுத்த முறை போனபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். டாக்டருக்குத் தமிழ் அரைகுறைதான். இருந்தாலும் வெள்ளைச்சாமி தமிழிலேயே சொன்னார்.

"நல்லாருக்கோம் டாக்டர். உங்க கைக்கு ஒரு கும்பிடு. அன்னைக்குக் குறுக்கப் பேசினாளே, இவளுக்கு ரெண்டு."