அணைக்குக் கீழே தூங்குகிறவர்

என் அணையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒன்பது மீட்டர் உயரத்தில் மண் கரை, நாற்பது மெகாலிட்டர், அதாவது நான்கு கோடி லிட்டர் தண்ணீர். டாஸ்மேனியாவின் பெரிய அணைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது வெறும் குட்டைதான். ஆனால் என் உருளைக்கிழங்கு மொத்தமும் இதை நம்பித்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்ப்பேன். வாம்பேட் எங்காவது வளை தோண்டியிருக்கிறதா, கரையில் மரக்கன்று முளைத்திருக்கிறதா, அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கிக் கசிந்தால் கரையின் மண்ணே உள்ளுக்குள் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். என் கணவர் கேரவனை மாட்டிக்கொண்டு என்னை விட்டுவிட்டுக் குயின்ஸ்லாந்துக்குப் போனாரே, அந்த வாரம்கூட நான் செவ்வாய்க்கிழமை நடையை விடவில்லை. அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பொறியாளரைக் கூப்பிட்டு அணையைச் சோதித்து, அந்த அறிக்கையை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். நவம்பர் மாதம் பொறியாளர் மரிக்கே வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கண் மட்டும் கழுகுக் கண். இரண்டு மணி நேரம் கரையில் ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, முட்டி போட்டுப் பார்த்து, கடைசியில், "கோரல், இவ்வளவு சுத்தமா யாருமே வச்சிருக்கிறதில்ல" என்றாள். நான் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டேன். அப்புறம் அவள் ஓடைப் பக்கம் திரும்பி, "அங்க கீழ புகை வருதே, யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

மெர்வ் டோல்பி இருக்கிறார் என்றேன். அவள் முகம் மாறியது.

மெர்வ் என் பக்கத்துப் பண்ணைக்காரர். அறுபத்து நான்கு வயது, மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. செப்டம்பரில் பண்ணையை மகனிடம் ஒப்படைத்தார். மகன் டவுனில் நல்ல வெந்நீர் வசதியோடு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தான். மனிதர் அதை வேண்டாம் என்றுவிட்டு, என் அணைக்குக் கீழே, அவர்கள் பண்ணை எல்லைக்குள் ஓடையோரமாக இருபது வருடம் வைக்கோல் அடைத்து வைத்திருந்த பழைய குடிசை வீட்டைக் காலி செய்து, நாயோடு குடியேறினார். சுவரில் காளான் பயிரிடலாம், அவ்வளவு ஈரம். ஏன் இங்கே என்று கேட்டேன். மீன் பிடிக்க என்றார். வெள்ளிக்கிழமைதோறும் என் பம்பை ரிப்பேர் செய்ய வருவார், பம்ப் நன்றாக ஓடினாலும் வருவார். நான் ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்திருப்பேன். கிழங்கு ரகத்திலிருந்து கால்பந்துவரை எல்லாவற்றுக்கும் சண்டை போடுவோம். ஊரில் சிலர் சிரித்துக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

மரிக்கே பொறுமையாக விளக்கினாள். ஓர் அணையின் தரவரிசை கரையின் பலத்தை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. உடைந்தால் கீழே யார் இருப்பார்கள் என்பதையும் பார்த்துத்தான். இதுவரை கீழே மாடும் வைக்கோலும் மட்டும். இப்போது ஒரு மனிதர் படுத்துத் தூங்குகிறார். அந்த ஒருவரால் என் அணை இரண்டு படி ஏறிப் போய் ஆபத்தான அணைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தப் படிக்கு, வெள்ளத் தண்ணீர் வெளியேறும் என் கலிங்கு போதாது. ஒன்று, கலிங்கை இரண்டு மடங்கு அகலப்படுத்த வேண்டும். அதற்கு நான் டிராக்டரை விற்க வேண்டும். இல்லை, தண்ணீரை இரண்டு மீட்டர் இறக்கியே வைத்திருக்க வேண்டும். மேல் இரண்டு மீட்டரில்தான் பாதித் தண்ணீர் இருக்கிறது, பாதிக் கிழங்கும் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால், அந்த வீட்டில் யாரும் தூங்கக் கூடாது. அணை நாளைக்கே உடையப் போவதில்லை, இரண்டு மாதம் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் யோசிக்கிற ஆளா நான்? அன்றைக்கே இறங்கிப் போனேன். மெர்வ் வாசற்படியில் உட்கார்ந்து தூண்டிலுக்கு நூலால் பொய்ப் பூச்சி கட்டிக்கொண்டிருந்தார்.

"மெர்வ், நீ இங்க தூங்கக் கூடாது."

"பின்ன எங்க தூங்கணும்?"

"எங்க வேணா தூங்கு. மகன் வீட்டுல தூங்கு, டவுன்ல தூங்கு. என் அணைக்குக் கீழ தூங்காத."

அவர் பூச்சியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா என் அணை மாதிரி உண்டான்னு என் காதைத் தின்னுட்ட. இப்ப அதுக்குக் கீழ படுத்தா ஆபத்துங்கற. எதை நம்புறது?"

இரண்டுமே உண்மை என்பதுதான் என் கோபத்தைக் கிளப்பியது. ஒரு மூச்சு திட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "கவலைப்படாத. அணை உடைஞ்சா தண்ணிக்கு முன்னாடி உன் திட்டு வந்துடும். நான் எழுந்துடுவேன்."

எழுந்திருக்க மாட்டார். காது மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பார், அது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க மழை. அணை நிரம்பி, கலிங்கு வழியாக மெலிதாக வழிந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இத்தனை வருடம் தகரக் கூரையில் மழை விழுந்தால் எனக்குக் கிழங்கு பெருக்கிற சத்தமாகக் கேட்கும். அந்த வாரம் அந்த வீட்டுக் கட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. கீழே படுத்திருந்தது வேறு யாராக இருந்தாலும் மரிக்கே சொன்ன இரண்டு மாதத்தை நிம்மதியாக எடுத்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்த மனிதர் எனக்கு வேண்டும். அறுபத்தோரு வயதில் இது தெரிந்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான்.

சனிக்கிழமை காலை மரிக்கேயைக் கூப்பிட்டு, தண்ணீரை எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் கூடாது, சட்டென்று இறக்கினால் ஈரக் கரை உள்பக்கமாகச் சரிந்துவிடும் என்றாள். அப்புறம் தயங்கி, "அவசரமே இல்லன்னு சொன்னேனே" என்றாள்.

"எனக்கு அவசரம்" என்று போனை வைத்தேன்.

விதைக்கிழங்கு வெட்டிக் கொட்டகையில் தயாராகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் நேராக வால்வுக்குப் போனேன். சக்கரம் முரண்டு பிடித்தது. கடப்பாரையைச் செருகித் திருகினேன். குழாய் இருமி, செருமி, கடைசியில் ஓடைக்குள் பாய்ந்தது. இரண்டு மீட்டர் இறங்க ஒன்பது நாள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்குப் போய் நான்கு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் காலையில் மெர்வ் மேலே வந்தார். பாதையில் வராமல் வயலுக்குக் குறுக்கே, முழங்கால் பூட்ஸும் மூச்சிரைப்புமாக வந்தார். ஓடை ஏறி அவர் வீட்டுப் படிக்கல் மூழ்கிவிட்டதாம், மீனெல்லாம் ஓடிவிட்டதாம்.

"கோரல், வால்வு திறந்து கெடக்கு."

"நான்தான் திறந்தேன்."

"அப்ப கிழங்கு?"

"பாதி நடுவேன்."

தண்ணீரைச் சுற்றி ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சேற்றுப் பட்டை எத்தனை மூட்டைக் கிழங்கு என்று ஒரு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்காகவா?"

"வேற யாரு கீழ தூங்குறாங்க? மாடுகூட மேட்டுல போய்ப் படுக்குது. உன்னைவிட அதுக்கு அறிவு இருக்கு."

தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "நான் மீன் பிடிக்க வரல. அந்த ஜன்னல்ல இருந்து பார்த்தா உன் சமையலறை வெளிச்சம் தெரியும். டவுன்ல இருந்தா தெரியாது. அதான் வந்தேன்."

முப்பது வருடமாக அவருக்குப் பதிலுக்குப் பதில் கொடுத்த நான், அன்றைக்குக் குனிந்து கரையில் இல்லாத களையைத் தேடினேன். முகமெல்லாம் பொங்கிய சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே. அவர் வால்வை மூடச் சொன்னார்.

"உன் கட்டில் அந்த வீட்டை விட்டு வெளிய வர்ற வரைக்கும் மூட மாட்டேன்."

"வெளிய கொண்டு வந்து எங்க போடறது?"

"என் வீட்டுல. அணைத் தண்ணிக்குப் பன்னெண்டு மீட்டர் மேல இருக்கு. எந்த இன்ஜினியரும் குத்தம் சொல்ல முடியாது."

முட்டி வலி என்று மூன்று வருடமாகப் புலம்பிய மனிதர் அந்தச் சரிவில் ஓடினார். முக்கால் மணி நேரத்தில் மகனுடைய வண்டி மேலே வந்தது. கட்டில் கால் நான்கும் வானத்தைப் பார்த்திருக்க, மெத்தை மேல் நாய் உட்கார்ந்திருந்தது. ஓட்டிவந்த மகன் பல் முழுவதையும் காட்டினான். எதுவும் பேசினால் ஸ்கோன் கிடையாது என்று அவனை அடக்கிவைத்தேன்.

இருந்தாலும் நான் உடனே வால்வுக்குப் போகவில்லை. கீழே இறங்கிப் போய் அந்த வீட்டின் அறை அறையாகப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது, தலையணைகூட மிச்சமில்லை. இனி அது வைக்கோல் வீடுதான், படுக்க ஆள் விடுவதில்லை என்று எழுதிக் கொடுப்பதாக மகனும் சொன்னான். அதன் பிறகுதான் மேலே வந்து சக்கரத்தைப் பிடித்தேன். போன தண்ணீர் போனதுதான். அந்த வருடம் கிழங்கு குறைவாகவே நட்டேன், ஒரு நாளும் அதற்காக வருந்தியதில்லை.

சக்கரம் மறுபடி முரண்டு பிடித்தது. மெர்வ் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக மூடு, இழுத்து முறுக்காதே என்று ஆரம்பித்தார். கீழே தூங்குகிறவர்கள்தான் என் அணையைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், மேலே தூங்கப் போகிறவருக்கு அந்த உரிமை கிடையாது என்றேன். ஆனால் சக்கரத்தில் என் கைமேல் அவர் கையை வைத்தபோது தட்டிவிடவில்லை. தண்ணீர் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் மூடிக்கொண்டே இருந்தோம்.