இரண்டு பச்சைத் திரைகள்

காளியண்ணனின் இடது கை விரல்கள் மூன்றின் விலை மூவாயிரத்து நானூறு வெள்ளி. செம்பனை எண்ணெய் ஆலை கொடுத்த நட்டஈடு. வகுத்துப் பார்த்தேன், விரலுக்கு ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்று வெள்ளி முப்பத்துமூன்று காசு. ஒரு காசு மிஞ்சியது. மளிகைக் கடையில் பிறந்து, அப்பாவும் சித்தப்பாக்களும் விலை பேசுவதைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு வகுக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பணத்தில் அவர் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், எங்கள் கடைக்கு இரண்டு கதவு தள்ளி, பழைய கம்ப்யூட்டர் இரண்டை வாங்கிப் போட்டு விளையாட்டுக் கடை திறந்தார். அரை மணி நேரத்துக்கு ஒரு வெள்ளி. பச்சைத் திரையில் பச்சை மனிதன் பச்சைப் பேயைக் கண்டு ஓடுவான். அதைப் பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகள் சைக்கிளை அடுக்கிவிட்டு வரிசையில் நின்ற காலம் உண்டு. இரண்டு வருடம் நின்றார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு நடுவில், எதிர் வரிசையில் செகிஞ்சானிலிருந்து வந்த ஒரு சீனர் வண்ணத் திரையோடு மூன்று புது கம்ப்யூட்டர் வைத்தார். அங்கே பேய்க்கு ஊதா நிறம், மனிதனுக்குச் சிவப்புச் சட்டை. வாடகை அதே ஒரு வெள்ளி. சைக்கிள்கள் ரோட்டைக் கடந்து போய்விட்டன.

காளியண்ணன் என் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“சேது, இருக்கிறதுக்கே கலர் போட்டுக்கலாமா, இல்ல புதுசா ஒண்ணு எடுத்திடலாமா?”

“கிழட்டு மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சா பால் கறக்குமாண்ணே?”

“விளையாடாத தம்பி. கையில ஆயிரத்து நானூறுதான் இருக்கு. இந்தக் கடை போச்சுன்னா எனக்கு வேற என்னா இருக்கு? இந்தக் கைய வச்சுக்கிட்டு ஆலையில வாசல் கேட்டத் தொறந்து மூடுற வேலகூட கேட்டுப் பாத்துட்டேன். இல்லேன்னுட்டானுங்க.”

விலை பேச என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார். அவருக்கு வண்டிக்கூலி செலவு. எனக்கு வித்தையைக் காட்ட ஒரு மேடை.

கம்ப்யூட்டர் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, நேர்மையான ஆள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழையதற்கு வண்ணம் போட எண்ணூறு, ஆனாலும் புது விளையாட்டுகள் அதில் ஓடாது என்று மலாயில் சொன்னார். புதியது இரண்டாயிரம். பழையவை இரண்டும் ஓடும் நிலையில் இருந்தால் ஐந்நூறு கழித்துக்கொள்வார். அதாவது ஆயிரத்து ஐந்நூறு. கையில் இருந்ததில் நூறு வெள்ளிதான் குறைந்தது.

“நூறுதானே, நான் எங்கயாவது பொரட்டிடுறேன்,” என்று காளியண்ணன் என் காதருகில் சொன்னார்.

“சும்மா இருங்கண்ணே. ஆசைய மூஞ்சில காட்டாதீங்க. நாம படிய விட்டு எறங்கினாத்தான் அவன் வெலைய விட்டு எறங்குவான்.”

என் சட்டைப் பையில் நூற்று நாற்பது வெள்ளி இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பேரம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே கூட்டி வந்தேன். பத்து அடி நடந்தோம். இருபது அடி நடந்தோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். தவுக்கே மீ நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

“கூப்பிடல லா,” என்றார் காளியண்ணன்.

“ஒரு வாரம் விடுங்க. அவனே போன் போடுவான்.”

அந்த வாரத்தில் ஆயுத பூசை வந்தது.

காளியண்ணனின் மனைவி புஷ்பவள்ளி அக்கா இரண்டு கம்ப்யூட்டருக்கும் துடைத்துப் பொட்டு வைத்தார். டிஸ்க் போடுகிற அந்த நீள வாயின் இரு ஓரத்திலும் சந்தனம், நடுவில் குங்குமம். கொஞ்ச நாளாகவே இரண்டும் டிஸ்க்கைப் படிக்கும்போது இருமிக்கொண்டிருந்தன. இருமுகிற பிள்ளைக்கு என்ன செய்வோம்? விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுவோம். அக்காவும் அதைத்தான் செய்தார். ஆளுக்கொரு சிட்டிகை.

நானும் அங்கேதான் நின்றேன். சுண்டல் நன்றாக இருந்தது. இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அதனால் மறுநாள் காலைவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து காளியண்ணன் சுவிட்சைப் போட்டு முதல் டிஸ்க்கைச் செருகினார். உள்ளே மண்ணை அரைக்கிற சத்தம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அடுத்ததைப் போட்டார். அதுவும் அரைத்தது. அடுத்தது. பிறகு பக்கத்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். நான் சத்தம் கேட்டு வருவதற்குள் பதினோரு டிஸ்க்கிலும் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. கடையில் இருந்ததே பதினொன்றுதான்.

“நல்லதுதானே நெனச்சேன்,” என்றார் அக்கா. யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. சாமி பொருளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது.

இரண்டையும் அரிசிச் சாக்கில் சுற்றி மறுபடி கோலாலம்பூருக்குக் கொண்டுபோனோம். தவுக்கே மூடியைக் கழற்றி, விரலால் தொட்டு, சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டியதைப் பார்த்தார். “சாமியா?” என்று மட்டும் கேட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

இப்போது இரண்டுக்கும் சேர்த்து எண்பதுதான் கழிப்பார். புதியதை வாங்கக் கையில் ஐந்நூற்று இருபது குறைந்தது. பழையதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டருக்கு முந்நூற்று எண்பது. எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் போட்டேன். கெஞ்சலையும் போட்டேன். ஒரு வெள்ளி இறங்கவில்லை. கடைசியில் என் பையில் இருந்த நூற்று நாற்பதை எடுத்து நீட்டினேன்.

காளியண்ணன் அதைப் பார்த்தார். “இப்ப எதுக்குத் தம்பி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

“அப்பாகிட்ட கேட்டுப் பாக்குறேண்ணே.”

“ஒங்க அப்பா எனக்கு உப்பு கடன் தர்றதே பெரிசு. விடு. பழசையே சரி பண்ணிக்கிறேன். நாளைக்குக் கடையத் தொறக்கணும் லா. தொறக்காத கடைக்கு எவன் வருவான்?”

திறந்த கடைக்கும் யாரும் வரவில்லை. மழை பெய்த நாட்களில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் ஒதுங்கினார்கள். அதில் சிலர் ஒரு வெள்ளி கொடுத்துப் பச்சைப் பேயோடு விளையாடினார்கள். மழை விட்டதும் போய்விட்டார்கள். டிசம்பர் முடிவில் அவர் கதவுக்குப் பூட்டுப் போட்டார். புஷ்பவள்ளி அக்கா தோட்டத்தில் புல் வெட்டப் போனார். காளியண்ணன் வீட்டில் இருந்தார்.

கணக்கை நான்தான் எழுதினேன். கையில் இருந்தது ஆயிரத்து நானூறு. பழுது பார்த்தது எழுநூற்று அறுபது. பதினோரு டிஸ்க் அறுபத்தாறு. மீதி ஐந்நூற்று எழுபத்துநான்கு. மூன்று மாத வசூல் தொண்ணூற்றிரண்டு, வரவு. மூன்று மாத வாடகை முந்நூற்று முப்பது, மின்சாரம் ஐம்பத்துநான்கு, எங்கள் கடையில் எடுத்த சாமான் முந்நூற்று நாற்பத்தைந்து, செலவு. காளியண்ணன் எங்கள் கடைக்குத் தர வேண்டிய பாக்கி அறுபத்துமூன்று வெள்ளி.