பண்டாராயா மீன் குற்றவாளி அல்ல

1.

இந்தக் கதை எங்கள் வீட்டு மீன்தொட்டியில் பிறந்தது. பண்டமாரான் ஃப்ளாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது மீன்களில் எட்டு செத்து மிதந்தன. எழுதுகிறவளுக்கு இது நல்ல ஆரம்பம்தான், மீன்களுக்கு அப்படியில்லை. முதல் வாக்கியத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். அந்த வாரம் முழுக்க மழையே இல்லை. பெய்திருந்தால் வாளியை வெளியே வைத்திருப்பேன், இந்தக் கதைக்கும் வேலை இருந்திருக்காது.)

2.

என் கணவர் கமலநாதன் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளர். காணாமல்போன பெட்டியைத் தேடுவதுபோல் மீன் செத்த காரணத்தைத் தேடினார். வெப்பமானி, வடிகட்டி, தீனி டப்பாவின் தேதி, சோதனைத் தாளின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"தண்ணிய மட்டும் சந்தேகப்படவே முடியாது குமுதா. மூணு நாள் தோங்குல கெடந்த தண்ணி. நெரப்புன அன்னிக்கே குளோரின் போறதுக்கு நானே மருந்து ஊத்துனேன்."

தோங் என்பது எங்கள் பால்கனியில் நிற்கும் நீலப் பீப்பாய். சனிக்கிழமைதோறும் அதிலிருந்து மொண்டு தொட்டித் தண்ணீரைப் பாதி மாற்றுவார். அந்தச் சனிக்கிழமையும் மாற்றினார்.

"ஆமாங்க" என்றேன்.

(அந்த "ஆமாங்க"வை நினைவில் வையுங்கள்.)

3.

உயிரோடு மிஞ்சியது ஒன்று. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் பண்டாராயா மீன். ஊரைக் கூட்டிப் பெருக்குகிற நகராண்மைக் கழகத்தின் மலாய்ப் பெயரைத்தான் இங்கே அதற்கு வைத்திருக்கிறார்கள். கிள்ளானில் மீன் கடை வைத்திருக்கும் டொமினிக் அதை முந்தின வாரம் சும்மா கொடுத்தார்: "ஃப்ரீ லா, எடுத்துட்டுப் போ." எல்லோரும் செத்த வீட்டில் புதிதாக வந்தவன் மட்டும் உயிரோடு இருந்தால் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

போனில் நடந்தது இது:

"சீக்கு மீனக் குடுத்து என் தொட்டிய அழிச்சிட்டியே டொமினிக்."

"இருபது வருஷமா மீன் குடுக்கறேன் பாஸ். ஒரு தடவையாச்சும் அப்படிக் குடுத்திருக்கேனா?"

இவர் போனை வைத்துவிட்டார். வரும் சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் டொமினிக்கின் மகள் ஜோஆனுக்குக் கல்யாணம். பெண் அமரும் காரை இவர்தான் ஓட்டுவதாக ஜோஆனுக்கு ஆறு வயதிலேயே வாக்கு. இப்போது "வேற டிரைவர் பாத்துக்கட்டும்" என்கிறார். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே காரை மெழுகு போட்டுத் துடைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

4.

கதைக்கு உண்மையான குற்றவாளி வேண்டும். ஆகவே பந்திங்கிலிருந்து நாத்தனார் புஷ்பவல்லியை வரவழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. புஷ்பவல்லி தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து ஊறிக் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. தண்ணீர் வெட்டு இரவுதான் என்று அறிவிப்பு, ஆனால் பகலிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் வழியும் தலையோடு ஒரு பெண் எவ்வளவு நேரம் நிற்பாள்? தோங்கைத் திறந்தாள். சீயக்காய் போக மூன்று தரம் அலச வேண்டியிருந்தது. தோங் காலி. (முடி அவ்வளவு மிருதுவாக இருந்ததே கிடையாது.) நாலு மணிக்குக் குளோரின் நெடியோடு தண்ணீர் திரும்பி வந்தது. அண்ணன் வேலை முடிந்து வருவதற்குள் தோங்கைப் பழைய மட்டத்துக்கே நிரப்பி மூடிவிட்டாள். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று

(பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் முடி யாருடையது என்று நீங்கள் கேட்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல்: நான் எழுதுவதை முதலில் படிப்பவர் என் கணவர். அவருக்கு அக்கா தங்கை கிடையாது.)

5.

ஆகவே புஷ்பவல்லியை அடித்துவிடுகிறேன். எண்ணெய் வைத்தது என் தலையில். சனிக்கிழமை அவர் மொண்டு ஊற்றும்போது உண்மை வாய்வரை வந்தது. ஆசையாகச் செய்கிறாரே, ஒருநாள் பழசு போதும், ஒன்றும் ஆகாது என்று விழுங்கிவிட்டேன். எட்டு மீன்களைக் கொன்றவள் நான். பண்டாராயா மட்டும் கெட்டி உயிர், தாங்கிக்கொண்டது. டொமினிக் அண்ணன்மேல் பழி விழுந்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளும் நான். வெட்கமாக இருக்கிறது.

முடிவு அ: படித்துவிட்டுச் சிரிக்கிறார். (அவர் அவ்வளவு நல்லவரில்லை.)

முடிவு ஆ: ஒரு மாதம் என்னோடு பேசுவதில்லை. (அவரால் முடியாது. சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது.)

முடிவு இ:

6.

இதுவரை எழுதியதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் அறையில் இருந்துகொண்டு இதைத் தட்டுகிறேன். மூன்றாம் பகுதியில் போலீஸுக்குச் சிரித்தார். நான்காவதில், "எனக்கு ஏது தங்கச்சி?" என்று குரல் வந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு தாள் புரளும் சத்தம்.

பால்கனிக் கதவு திறக்கிறது. தோங் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார் போலிருக்கிறது. மீண்டும் மூடுகிறார்.

வாசலில் வந்து நிற்கிறார். கையில் போன்.

"குமுதா, டொமினிக் நம்பர ஞாயித்துக்கெழமையே டெலீட் பண்ணிட்டேன். உங்கிட்ட இருக்கா?"

இருக்கிறது, கொடுக்கப் போகிறேன். அவர் டொமினிக்கிடம் என்ன சொல்வார், போனை வைத்த பிறகு என்னிடம் என்ன சொல்வார், இரண்டையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. சனிக்கிழமைக்குப் புடவை எடுத்து வைக்க வேண்டும்.