நான்காம் தூணின் கறை

வௌவால் மென்று துப்பிய சக்கையை அள்ளும்போது அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் நான்காம் தூண் முழுக்கச் சிவப்புக் கறை. அதன்மேல் எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் புளித்த வாடை போகாது. சோறு பிசையும்போது என் விரலிலும் அதே வாடை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடமும் சித்தியிடமும் வந்தார். "நாளைக்கும் இப்படியே இருந்தா ரெண்டு பேரும் வேலைக்கு வர வேணாம். வாசல் மரத்துலதான் குடியிருக்குதுங்க. அதையும் வெட்டிப் போட்டுடுறேன்."

வாசல் மரத்தடியில் ஒரு சொட்டு எச்சம்கூடக் கிடையாது. கூட்டுகிறவளுக்குத் தெரியாதா? பகலில் அவை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பனைகளில் தொங்குகின்றன. இருட்டியதும் பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தில் பழம் பறித்துக்கொண்டு, தின்ன இங்கே வருகின்றன. தூங்க ஓரிடம், பறிக்க ஓரிடம், நாறடிக்க எங்கள் இடம். பாவாடைக் கறையைப் பார்த்து வகுப்பே சிரித்த அன்றோடு நான் விட்டு வந்த பள்ளிக்கூடம், தினமும் காலையில் மென்று துப்பப்பட்டு என் கைக்கே வந்து சேர்கிறது.

"இருட்டுலதான் உக்காந்து திங்குது. லைட்டு போட்டா..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன முணுமுணுக்குது இது?"

"ஒண்ணுமில்ல சார். அது வாய்க்குள்ளயே பேசிக்கும்," என்றாள் சித்தி. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "இந்த வேலையும் போச்சுன்னா, நாமளும் எங்கயாவது தலைகீழாத் தொங்க வேண்டியதுதான்."

ஆறு தூண்களில் இரண்டில்தான் விளக்கு எரியாது. நான்காவதின் சுவிட்சை யாரும் போடுவதில்லை. ஆறாவதில் பல்பே இல்லை. தன் படுக்கையறைச் சன்னலில் வெளிச்சம் அடிக்கிறதென்று செயலாளர் கழற்றச் சொல்லிவிட்டார். அவருடைய வெள்ளைக் கார் அங்கேதான் நிற்கும். சாயங்காலம் கிளம்பும்போது நான்காவதின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். ஆறாவதை நினைத்துத்தான் போட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலையில் நான்காம் தூண் துடைத்து வைத்தபடியே இருந்தது. வெள்ளைக் காரின் கூரையெல்லாம் சக்கை, கண்ணாடியெல்லாம் சிவப்புத் தாரை. வைப்பரில் பாதி தின்ற பழம் சிக்கியிருந்தது.

"அடிப்பாவி," என்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா, தெரியவில்லை.

லிஃப்ட் திறந்தது. செயலாளர் காரைப் பார்த்தார், பிறகு எங்களை. "என்ன இது?"

சித்தி வாய் திறக்குமுன் நான் அந்தப் பழத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். ஊசி ஊசியாய்ப் பல் தடம்.

"லைட்டு இல்ல சார்." இந்த முறை தூண்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பல்பில்லாத ஹோல்டரிலிருந்து சிவந்த எச்சில் ஒரு சொட்டு நீண்டு, அறுந்து விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.