டாலர் எதுக்கும்மா?

நோட்டீஸை நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கோகிலவாணி நகத்தால் சுரண்டி இழுத்ததில் மேல் பாதிதான் கையோடு வந்தது. 'பொருளாளர் நேரில் விளக்கம் அளிக்க வேண்டும்' என்ற கீழ்ப் பாதி பலகையிலேயே நின்றது.

அதற்கு மூன்றடி கீழே, கார் நிறுத்தும் இடத்தில், ஐஸ் பெட்டிக்குள் பொருளாளர் படுத்திருந்தார்.

காலையிலிருந்து மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் குனிந்து கும்பிட்டுவிட்டு நிமிரும்போது அதைப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஞாயிறு காலை பதினோரு மணி, சிறப்புப் பொதுக்குழு, லிஃப்ட் நிதி ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். இன்றுதான் அந்த ஞாயிறு. விடிகாலையில் வாசல் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்த அவள் அப்பா ஜெயவேலு நிமிரவில்லை.

"கோகிலா, அது அசோசியேஷன் நோட்டீஸ்மா. சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்ல?"

செயலாளர் துரை. வெள்ளைச் சட்டை, கையில் பெரிய ரோஜா மாலை.

"எப்ப சார் எடுத்திருப்பீங்க? கருமாதி முடிஞ்சா?"

"கோவப்படாதம்மா. நான் பர்சனலா ஒண்ணும் சொல்லல. முப்பத்திரண்டு ஃப்ளாட்டு. நாலு பேர் கேக்கறாங்க, செகரெட்டரி நான் கேட்டுத்தான ஆகணும்?"

"எந்த நாலு பேரு? குரூப்ல எழுதினது நீங்க ஒருத்தர்தான். 'பெரியவர் நோட்டுல எழுதறார், நோட்டுலயே அழிக்கறார், நமக்கு என்ன தெரியும்'னு. கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை."

"அது சும்மா தமாஷுக்கு..."

"சிரிச்சு முடிச்சாச்சா?"

சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெட்டி அருகில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா கங்கையம்மாள், "கோகிலா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"மீட்டிங் கேன்சலா சார்?" கோகிலா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சேச்சே, என்னம்மா இது, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"கேன்சல் பண்ணாதீங்க. பதினோரு மணிக்குக் கணக்கு வரும்."

படியேறப் போனவளை அப்பாவின் தங்கை வழிமறித்தாள். "எங்கடி போற? பொண்ணு நீ பக்கத்துல உக்காராம?"

"வேலை இருக்கு அத்தை."

"இன்னிக்கு இன்னா வேலை?"

"அப்பா குடுத்த வேலை."

ஜெயவேலு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் வேறு யாரும் முன்வராததால் குடியிருப்பின் பொருளாளர் ஆனார். குரூப்பில் துரையின் செய்தி வந்த அன்று அவர் பதில் எழுதவில்லை. மறுநாள் மகளுக்குப் போன் செய்தார். ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். இலவசம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாமாம். முப்பத்திரண்டு வீட்டிலிருந்தும் போனில் பார்க்கலாம். யார் எதை மாற்றினாலும் மாற்றிய தடம் நிற்கும்.

"மாசா மாசம் பணம் கட்டறதெல்லாம் வேணாம்மா. அந்தக் காசும் ஃப்ளாட்காரங்க காசு. இதுன்னா யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது."

கோகிலாவுக்கு வேலையே சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான். நானூறு சர்வர்கள். இது அவளுக்கு ஒன்றரை மணி நேர வேலை. பெரும்பாக்கத்திலிருந்து சேலையூர் வர அரை மணி. "வர்ற ஞாயித்துக்கெழமப்பா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

அப்பாவின் அறையில் பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தி இருந்தது. அது ஆமையாய் நகர்கிறது என்று இரண்டு வருஷம் முன்பு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். மேஜைமேல் கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் எடுத்த பதினான்கு பக்க அச்சு, கிளிப் போட்டு. சாஃப்ட்வேரை நிறுவும் வழிகாட்டி. வரிக்கு வரி முன்னால் இருந்த டாலர் குறியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'ரூ?'

அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கறுப்புத் திரையைத் திறந்தாள். கை தானாக மேல்நோக்கிய அம்பை அழுத்தியது. அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும். தினமும் செய்கிற பழக்கம்தான்.

$ sudo apt update

அழுத்தினாள்.

Rs sudo apt update

வழிகாட்டியின் முதல் வரி. மறுபடி அழுத்தினாள். Rs பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து. அதற்கு முன்னால் INR என்று போட்டு. அதற்கும் முன்னால் திரும்பவும் டாலர். பிறகு டாலருக்கும் எழுத்துக்கும் நடுவில் இரண்டு இடைவெளி விட்டு. அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தது.

அந்த டாலரை அடிக்கவே வேண்டியதில்லை. 'நான் தயார், நீ அடி' என்று இயந்திரம் தானாகக் காட்டும் அடையாளம் அது. வழிகாட்டியில் அதையும் சேர்த்து அச்சிடுவார்கள், தெரிந்தவர்கள் விட்டுவிட்டு அடிப்பார்கள். முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவருக்கு டாலர் என்றால் டாலர். சேலையூர் வீடுகளின் கணக்கு ரூபாயில்தானே இருக்க வேண்டும்? மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும். அப்படி ஒரு கட்டளை கிடையாது.

இந்தப் புதன்கிழமை மத்தியானம் அப்பா போன் செய்திருந்தார்.

"ஒரே ஒரு டவுட்டும்மா. டாலர் எதுக்கும்மா? நாம ரூபால தான..."

"அப்பா, இங்க சர்வர் விழுந்து கெடக்கு, ஆளாளுக்குக் கத்தறாங்க. டாலராவது யூரோவாவது. ஞாயித்துக்கெழம வந்து நானே போடறேன். நீ கைய வெக்காத."

"சரிம்மா. சரிம்மா."

ஒரே ஒரு வார்த்தை. 'அத அடிக்க வேணாம்ப்பா.' அதற்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

"ஏன்ப்பா இன்னொரு தடவ கேக்கல?" திரையைப் பார்த்துக் கத்தினாள். "திட்டினா என்ன? இன்னொரு தடவ கேக்க மாட்டியா நீ?"

ஹாலில் யாரோ ஒரு பெண், "வுடு, அழுவட்டும். அழுதாத்தான் ஆறும்" என்றது கேட்டது. கோகிலா அழவில்லை. டாலர் இல்லாமல் அந்த வரியை அடித்தாள். ஓடியது. உடனே, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், வரிசை வரிசையாக ஓடியது. அது அப்படிச் சுலபமாக ஓடியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தரவுத்தளம் ஏறியது. அதற்கு மேல் சாஃப்ட்வேர். நடுவில் ஒரு இடத்தில் அனுமதி இல்லை என்று நின்றது. மேஜையில் ஓங்கிக் குத்தினாள், பிறகு அனுமதி கொடுத்தாள். அப்பாவாக இருந்தால் இங்கே என்ன செய்திருப்பார்? வட்டம் போட்டிருப்பார்.

கதவு திறந்தது. எதிர் ஃப்ளாட் ஜெய்னப், கையில் டீ.

"காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கலியாமே. குடி கோகி."

"வெச்சுட்டுப் போங்கக்கா."

ஜெய்னப் வைத்தாள். போகவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அந்த மெசேஜுக்கு... கட்டைவிரல் போட்டாங்கல்ல கொஞ்சம் பேரு. அதுல நானும் போட்டேன். படிக்காமயே போட்டுட்டேன் கோகி. மீட்டிங்குக்கு வர்றோமான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன். சத்தியமா."

"தெரியும்க்கா. பன்னெண்டு பேரு. நீங்க ஒம்பதாவது."

ஜெய்னப் முகம் வெளுத்தது.

"அங்கிளும் பாத்தாரா?"

"அவரு போன்லதான் நான் பாத்தேன். பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருக்காரு. திட்டறதுக்கு இல்ல. யாரு யாருக்கு மொதல்ல விளக்கணும்னு."

ஜெய்னப் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். கோகிலா கூப்பிடவில்லை. டீயில் ஆடை படிந்தது.

மூன்று வருஷக் கணக்கையும் அப்பா ஏற்கெனவே அட்டவணையாக அடித்து வைத்திருந்தார். ரசீது எண்ணோடு, ரசீதின் படத்தோடு. வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் காயில், சம்ப் தொட்டி கழுவியது, பொங்கலுக்குக் கோலப்பொடி நாற்பது ரூபாய். அதைச் சாஃப்ட்வேருக்குள் இழுத்துவிடுவதுதான் மிச்சம். இழுத்தாள். எல்லாம் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஒரு வரிகூடத் தவறவில்லை.

லிஃப்ட் நிதியைத் திறந்தாள். வங்கியில் அசோசியேஷன் பெயரில் வைப்பு. போட்ட தேதி, முதிரும் தேதி. கீழே விண்ணப்பத்தின் படம். இரண்டு கையெழுத்து. பொருளாளர் ஜெயவேலு. செயலாளர் துரை.

போட்ட கையெழுத்தையே மறந்துவிட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார் மனிதர். அப்பாவுக்கு இது தெரியும். 'நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க' என்று அன்றைக்கே குரூப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் துரைக்கு அவமானம். முழுக் கணக்கும் திறந்து கிடந்தால் யாரும் யாரையும் சொல்லிக்காட்ட வேண்டாம். அதற்காகத்தான் இந்தப் பாடு. அவளுக்கு இப்போது அப்பாமேலும் ஆத்திரமாக வந்தது.

வெளியிலிருந்து பார்க்க வழி திறந்தாள். பார்க்கலாம், மாற்ற முடியாது. சார்ஜரில் கிடந்த அப்பாவின் போனை எடுத்து, பதினோரு மணிக்குக் குரூப்பில் எழுதினாள். 'வணக்கம். பொதுக்குழு. பொருளாளர் கணக்கு கீழே உள்ள லிங்கில்.'

அவள் படியிறங்கும்போதே கீழே போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. எடுத்துப் பார்த்தவர்கள் அனுப்பியவர் பெயரைப் பார்த்தார்கள். ஜெயவேலு, 2B. பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் போனை நெருப்பைத் தொட்டதுபோல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது?" துரைக்கு வேர்த்திருந்தது. "அவரு போன்லேர்ந்தா அனுப்பறது?"

"அவரு கணக்கு. அவருதான அனுப்பணும்? தெறந்து பாருங்க."

"இதப் பாக்கற நேரமா இது?"

"மூணு வாரமா இதப் பாக்கணும்னுதான சார் துடிச்சீங்க. இதோ, எல்லாரும் இருக்கீங்க. பாருங்க. உங்க கையெழுத்துகூட இருக்கு."

"எங்கம்மா ஓடிடப் போகுது?" துரை கெஞ்சுவதுபோல் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்மா."

கோகிலா பெட்டியைப் பார்த்தாள். போய் அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு யாரும் போனை எடுக்கவில்லை. தம்பி வெற்றிவேல் ஹைதராபாத்திலிருந்து இரண்டு மணிக்கு வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினான். குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். வண்டிக்காரர், "இன்னா சார், இன்னும் எத்தினி பேரு போடணும்? மூணரைக்கு நம்பர் வாங்கிக்கீறீங்க, பின்னால வேற பாடி வெயிட்டிங்ல கீது" என்று அவசரப்படுத்தினார். தூக்கும்போது துரை செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுக்க வந்தார். கோகிலா அவரையே பார்த்தாள். அவர் ஒரு எட்டுப் பின்வாங்கி, ஊதுவத்திக் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஆண்கள் வண்டியோடு போனார்கள். பெண்கள் கார் நிறுத்துமிடத்தைக் கழுவிவிட்டார்கள். பூவிதழ்களோடு தண்ணீர் சாலைவரை ஓடியது.

மேலே வந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது மயானத்திலிருந்து வெற்றிவேல் அழைத்திருந்தான். ஈரக் கையோடு திருப்பிக் கூப்பிட்டாள்.

"இங்க லேட்டாவுது கோகி. முன்னாடி ஒண்ணு உள்ள இருக்கு. அடுத்தது நாமதான். எல்லாரும் சிமென்ட் பெஞ்சுல சும்மா உக்காந்துட்டிருக்கோம். அம்மாவ ஏதாவது சாப்பிட வை."

போனை வைக்க அப்பாவின் அறைக்குப் போனாள். நிறுத்த மறந்துபோன கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. யாராவது அந்தக் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் திரையில் ஒரு வரி விழும். நேரம், அந்தப் போனின் இணைய எண், திறந்த பக்கத்தின் பெயர். பதினோரு மணியிலிருந்து அசையாமல் கிடந்த திரை.

நாலு ஏழுக்கு ஒரு வரி விழுந்தது. லிஃப்ட் நிதி.

நாலு எட்டுக்கு இன்னொன்று. வேறு எண். லிஃப்ட் நிதி. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். ஒருவர் விண்ணப்பத்தின் படத்தைத் திறந்தார். உடனே அதையே ஐந்து எண்கள் திறந்தன. யாரோ ஒருவர் வாட்ச்மேன் சம்பளத்துக்குப் போனார். யாரோ சம்ப் கழுவிய ரசீதைப் பார்த்தார். ஒரு எண் மட்டும் எங்கும் தாவாமல், மூன்று வருஷத்துக்கு முந்தைய முதல் மாதத்தில் தொடங்கி, பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. யார் என்று திரை சொல்லாது. கோகிலா தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் தேங்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிகள் விழுந்து விழுந்து மேலே ஏறின. இருபதுக்கு மேல் எண்கள்.

நாலு இருபத்தொன்றுக்கு எல்லாம் நின்றன. ஒன்றுகூட மிச்சமில்லாமல், ஒரே சமயத்தில். அங்கே சிமென்ட் பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்திருப்பார்கள்.

அந்த ஒரு எண் இரண்டாவது வருஷம் ஆடி மாதம்வரை வந்திருந்தது.

"கோகிலா, தலைய துவட்டுடி" என்றாள் அம்மா அடுத்த அறையிலிருந்து. "யாரு கூப்பிட்டா? ஆயிடுச்சாமா?"

அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். கடைசி வரியின் கீழே வெள்ளைக் கட்டம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"இப்பதாம்மா" என்றாள்.