வெட்டுண்ட வேந்தன் முகம்

பெருமழை ஓய்ந்தும் மஞ்சு விலகாப் பந்தலூர்ச் சரிவுகளிலே, தேயிலைச் செடிகள் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்க, கொழுந்து சுமந்த பெண்கள் வரிசையாய் இறங்கிக்கொண்டிருந்த நண்பகற்பொழுதில், தோளிலே கவாத்துக் கத்தியும் நெஞ்சிலே ஆசையுமாக இருளப்பன் தன் தங்கை வீட்டுப் படியேறினான். ஈழத்து மலைகளில் மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு முழ மண்ணும் பெறாது மீண்ட குடியிற் பிறந்த அவனுக்கு, தனக்கென்று ஒரு துண்டு நிலம் என்பதே வாழ்நாள் வேட்கையாயிருந்தது, நல்லோரே.

மூன்று நாள் முன்பு, தங்கை கணவன் பொன்னுத்துரையோடு வடிகால் வெட்டுகையில் மண்வெட்டியில் தட்டிய பானை அவ்வேட்கைக்கு வழி திறந்திருந்தது. உள்ளே களிமண் அப்பிய வெள்ளிக் காசுகள். ஒருபுறம் இலைமுடி சூடிய உரோம வேந்தன், மறுபுறம் கிளையேந்தி அமர்ந்த பெண். பானையைத் தன் வீட்டில் வைத்திருந்த பொன்னுத்துரை, மேலிருந்த காசுகளைப் புளியிட்டுத் துலக்கிப் பாயில் பரப்பியிருந்தான். மண் நீங்கிய வேந்தன் கன்னங்களில் உளிவெட்டு ஆழப் பதிந்திருக்கக் கண்டான் இருளப்பன்.

“நகைக்கடைப் பத்தர்கிட்ட கொண்டுபோய் வெட்டிப் பாத்திருக்கீங்க, மச்சான். நல்ல காசெல்லாம் எங்க வித்தீங்க?”

“சத்தியமா யாருக்கும் காட்டல. கழுவுனப்பதான் நானே பாத்தேன். நம்பலன்னா முழுசையும் நீங்களே கொண்டுபோங்க, மச்சான்.”

அப்பெருந்தன்மையையும் நடிப்பென்றே கொண்டான் அப்பேதை. கத்தி முதல் வீச்சில் கன்னத்தைப் பிளந்தது. தடுக்க உயர்ந்த கையின் விரல்களைத் துணித்தது. மூன்றாம் வீச்சில் கழுத்தறுந்து, பொன்னுத்துரை காசுகளின்மேல் கவிழ்ந்தான். கொழுந்துக் கூடையோடு வாயிலில் வந்து நின்ற தங்கை இராசகுமாரி கண்டது, தன் கணவனின் குருதியில் முகம் நனைந்த வேந்தர்களை.

பின்னொரு நாள், காவலரிடையே விலங்கோடு இருளப்பனும் எதிரே தங்கையும் நிற்க, பானையை ஆராய வந்த தொல்லியல் அறிஞர், அதன் அடியில் எவர் கையும் படாது இறுகிக் கிடந்த களிமண் கட்டியை உடைத்தார். உள்ளிருந்த காசுகளிலும் அதே வெட்டு.

“ஈராயிரம் ஆண்டுப் பழைய வெட்டு இது. உள்ளே செம்பு உண்டோவென்று அந்நாளில் வாங்கியவர்கள் வெட்டிப் பார்த்தது,” என்றார் அவர்.

இருளப்பன் தங்கையை நோக்கினான். அவள் அழவில்லை.

“அவரப் பொதச்ச மண்ணும் நம்ம மண்ணில்ல, தோட்டத்து மண்ணுதாண்ணே,” என்றாள்.

அன்று ஐயுற்றவன் காசை வெட்டினான்; வெள்ளியென்று கண்டு ஏற்றுக்கொண்டான். இன்று ஐயுற்றவன் மைத்துனனை வெட்டினான். மெய்யனென்று கண்டபோது, ஏற்றுக்கொள்ள அவன் இல்லை.